அடக்கிப் பழகிய உடலுக்குத் தளரக் கற்றுக்கொடுப்போம்

காலை 6 மணி ஷிப்டுக்குப் போகும் பெண், விடியுமுன் எழுந்ததும் எடுக்கும் முதல் முடிவு தண்ணீர் குடிக்கலாமா, வேண்டாமா என்பதுதான். குடித்தால் கம்பெனி பஸ்ஸில் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வந்தவாசிப் பக்கமிருந்தோ செய்யாற்றுப் பக்கமிருந்தோ வருபவர் என்றால் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல். லைனில் ஏறிய பிறகு போகலாம் என்றால், தன் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். லைன் லீடரிடம் சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை என்றால் மேலங்கி, தொப்பி, மணிக்கட்டுப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். உள்ளே போக, வெளியே வர மெட்டல் டிடெக்டர் சோதனை வேறு. திரும்பி வருவதற்குள் கன்வேயர் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் குடிக்காமலே கிளம்பிவிடுகிறார்.

இப்படி மாதங்கள் ஓடும். ஒருநாள் அடிவயிற்றில் கடுப்பு தொடங்கும். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கிடைக்கும். இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வரும். ஊரிலிருந்து அம்மா போனில் “உடம்பு சூடு, மோர் குடி, கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவு” என்பார். அடுத்த ஆன்டிபயாட்டிக் இன்னும் வீரியமாக இருக்கும். சிறுநீர்ப் பை நிறைய நிறைய வலி, கழித்ததும் கொஞ்சம் நிம்மதி, அரை மணியில் மறுபடி முட்டல் என்று ஆகும்போது அது தொற்றைத் தாண்டிய வேறொரு நோயாக இருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

நாள்பட்ட சிறுநீர்ப் பை வலிக்கும் இடுப்புக்குழி வலிக்கும் மென்மையான உடற்பயிற்சியும் மூச்சும் தியானமும் உண்மையாகவே உதவுகின்றன. பெரிய கருவிகளோ விலையுயர்ந்த மருந்துகளோ வேண்டாத அந்தச் சிகிச்சை, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பட்டையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் எட்ட வேண்டும். ஆனால், மாலையில் விடுதியில் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, காலையில் எட்டு மணி நேரம் அடக்கச் சொன்னால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. பயிற்சியும் கழிப்பறைக்குப் போகும் நேரமும் ஒரே மருத்துவத்தின் இரண்டு பாதிகள்.

பெண்களின் உழைப்பில் எழுந்த தொழிற்பட்டை

ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர்பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூரின் முகம், 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபோது மாறத் தொடங்கியது. 2006-ல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை, கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் செல்போன் லைனில் நிறுத்தியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஆனால் வாசல் மூடவில்லை. இன்று மின்னணு ஆலைகளின் லைன்களில் நிற்பவர்களில் பெரும் பங்கு இளம்பெண்கள். 2019-20-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். இந்தப் பெருமையைச் சொல்லும்போது, அந்தப் பெண்களின் உடல் எப்படி இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை அவர்களே ஒருமுறை சாலைக்குக் கொண்டுவந்தார்கள். 2021 டிசம்பரில், விடுதி உணவு ஒவ்வாமல் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளின் நெரிசலும், கழிப்பறையில் தண்ணீர் வராத கொடுமையும் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை சிப்காட் திறந்தது. போராட்டத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு அந்தக் கட்டடங்களே சாட்சி. தங்குமிடத்தைப் பற்றிப் பேச முடிந்தது போல, அடிவயிற்று வலியைப் பற்றியும் பேசும் நேரம் வந்துவிட்டது.

தொற்று இல்லாத வலி

சிறுநீர்ப் பை சார்ந்த வலி, அழுத்தம் அல்லது அசௌகரியம், அதோடு அடிக்கடி போக வேண்டிய தொல்லை. இவை ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, தொற்றோ வேறு தெளிவான காரணமோ தென்படாவிட்டால், அதைச் சிறுநீர்ப் பை வலி நோய் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வரையறுக்கிறது. இது இன்று நேற்று வந்த நோயல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் கை ஹன்னர் 1915-லேயே, பெண்களின் சிறுநீர்ப் பையில் காணப்படும் ஒருவகைப் புண்ணை விவரித்து எழுதினார். ஆனால், இந்த நோயுள்ள பெரும்பாலோருக்கு அந்தப் புண்ணும் இருப்பதில்லை. ஸ்கேன் சுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம், வலி மட்டும் நிஜம். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு, வயதுவந்த பெண்களில் 2.7 முதல் 6.5 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. அரிய நோய் என்று ஒதுக்க முடியாத எண்ணிக்கை இது.

முதலில் செய்ய வேண்டியதும் நம்மிடம் அதிகம் தவறவிடப்படுவதும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைதான். கிருமி வளர்ந்தால் அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக். வளராவிட்டால் ஆன்டிபயாட்டிக்குக் காரணமே இல்லை. காரணமில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிகளின் எதிர்ப்பை வளர்க்கிறது, உண்மையான நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. கல்ச்சர் சுத்தமாக இருந்தும் வலி தொடர்ந்தால் சிறுநீரகக் கல், கருப்பை உள்வரிச் சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், நம் நாட்டில் மறந்துவிடக் கூடாத சிறுநீர்ப் பாதைக் காசநோய் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், விலாப்பக்க வலி, காரணமில்லாத எடை இழப்பு, சிறுநீர் வராமல் அடைபடுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பாயை விரித்துப் பயிற்சி செய்யும் நேரமல்ல அது; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் வலியும் அல்ல. ஒரகடத்தில் கார்களை ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் ஓட்டும் டிரெய்லர் ஓட்டுநருக்கும், வெல்டிங் ஷாப்பில் குந்தி எழும் இளைஞருக்கும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் நாள்பட்ட வலி வருவதுண்டு. ‘பிராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன்’ என்று சொல்லி அவர்களுக்கும் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் எழுதப்படுகிறது. அவர்களில் பலருக்கும் கிருமி இருப்பதில்லை. இறுகிய தசைகள்தான் இருக்கின்றன. ஆண் என்பதால் வெளியே சொல்லக் கூசுவது கூடுதல் சுமை.

இறுக்குவதா, தளர்த்துவதா?

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி போலத் தொங்கும் தசைத் தொகுதிதான் இடுப்புத் தளம். சிறுநீர்ப் பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. சிறுநீரை அடக்கும்போது இறுகும், கழிக்கும்போது தளரும். பையில் 150-200 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும்; சாதாரணமாக மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவோம். உணர்வு வந்த பிறகும் மணிக்கணக்கில் அடக்க வேண்டியிருந்தால், இந்தத் தசைகள் ஓய்வின்றி இறுகியே நிற்கும். அதோடு தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து பையின் உள்சுவரை உறுத்தும். சிலருக்கு நாளடைவில் இந்தத் தசைகள் தளர வேண்டிய நேரத்திலும் தளராமல் போகின்றன. சிறுநீர் விட்டுவிட்டு வரும். முழுதாகப் போன திருப்தி இருக்காது. மாதவிடாய், தாம்பத்தியம், மலம் கழித்தல் எல்லாமே வலியாகும். இந்த நோய்க்குக் காரணம் இது ஒன்றுதான் என்று மருத்துவம் சொல்லவில்லை. ஆனால், நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு இடுப்புத் தளத் தசைகள் இறுகித் தொட்டாலே வலிக்கும் நிலையில் இருப்பதை மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இடுப்புத் தளப் பயிற்சி என்று யூடியூபில் தேடினால் முதலில் வருவது கெகல் பயிற்சி. அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் விவரித்த அந்தப் பயிற்சி, பிரசவத்துக்குப் பின் தசை தளர்ந்து, இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கானது. இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணுவது அவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடும். சிறுநீர்ப் பை வலி நோய் உள்ளவர்கள் இடுப்புத் தளத்தை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிமுறையே சொல்கிறது.

அதற்கு மாற்றாக அது பரிந்துரைப்பது, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் இறுகிய தசைகளைக் கையால் மெல்லத் தளர்த்தும் சிகிச்சை. இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. 2012-ல் வெளியான ஆய்வில் 81 பெண்களில் ஒரு பிரிவினருக்கு இந்தத் தசைத் தளர்வுச் சிகிச்சையும், இன்னொரு பிரிவினருக்குப் பொதுவான உடல் மசாஜும் தரப்பட்டன. முதல் பிரிவில் 59 சதவீதம் பேர் நன்றாகவோ மிக நன்றாகவோ தேறினார்கள். இரண்டாவது பிரிவில் 26 சதவீதம் பேர்தான். உடலை எங்கோ பிடித்துவிடுவது போதாது, சரியான தசை தளர வேண்டும் என்பதை இந்த வித்தியாசம் காட்டுகிறது.

ஒரு பாய், ஒரு நாற்காலி, இரண்டு தலையணை

அப்படிப்பட்ட இயன்முறை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால், தசையைத் தளர்த்தும் அடிப்படைப் பயிற்சிகளை ஆறு பேர் தங்கும் விடுதி அறையிலும் செய்யலாம்.

பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்கள் இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்குக் கீழே. மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கும்போது கீழே இருக்கும் கை உயர வேண்டும். நெஞ்சில் இருக்கும் கை அதிகம் அசையக் கூடாது. உள்மூச்சின்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. அதோடு சேர்ந்து இடுப்புத் தளமும் சற்றுக் கீழிறங்கி விரிகிறது. அந்த விரிவைக் கவனித்தால் போதும்; முக்கித் தள்ளக் கூடாது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். எண்ணிக்கை மூச்சைத் திணறடித்தால் எண்ணுவதையே விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் இப்படிப் படுத்திருப்பதே, நாள் முழுக்க நின்ற காலுக்கும் இடுப்புக்கும் ஓய்வு.

அடுத்து பாலாசனம். முழங்கால்களை அகற்றி மண்டியிட்டு, பிட்டத்தைக் குதிகாலை நோக்கி இறக்கி, நெஞ்சுக்குக் கீழே இரண்டு தலையணைகளை வைத்துக் கவிழ்ந்து படுக்க வேண்டும். முழங்கால் வலிப்பவர்கள் தொடைக்கும் கெண்டைக்கும் நடுவில் போர்வையை மடித்து வைக்கலாம். நிதானமாகப் பத்து மூச்சு. பிறகு மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிக்கும் சுப்த பத்த கோணாசனம். முழங்கால்களுக்குக் கீழே தலையணை கட்டாயம் வேண்டும். தாங்கல் இல்லாமல் தொங்கினால் உள்தொடை இழுத்து, தளர்வதற்குப் பதில் இறுகும். கடைசியாக, முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பின் மெல்ல அகற்றிச் சற்று நேரம் வைத்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

இதில் இரண்டு விதிகள்தான். இழுப்பு இதமாக இருக்க வேண்டும்; சுரீர் என்றால் உடனே நிறுத்த வேண்டும். மறுநாள் வரை வலி கூடியிருந்தால் செய்த அளவு அதிகம் என்று பொருள். பாதியாகக் குறைக்க வேண்டும். வலி ஏறியிருக்கும் நாட்களில் பிளாங்க், வயிற்றை மடக்கி எழும் பயிற்சி, குதிக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். சமதரையில் பதினைந்து நிமிட நடை போதும். அடிவயிற்றிலோ இடுப்பிலோ வெந்நீர்ப் பை வைப்பது பலருக்கு ஆறுதல் தரும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

லைனில் நிற்கும்போதும் செய்ய ஒன்று உண்டு. பல்லைக் கடித்திருக்கிறோமா, தோள் மேலேறியிருக்கிறதா, வயிற்றை உள்ளிழுத்துப் பிட்டத்தை இறுக்கியிருக்கிறோமா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டு, ஒரு நீண்ட வெளிமூச்சோடு தளர விடுவது. தாடையும் தோளும் தளர்ந்தால் இடுப்புத் தளமும் கூடவே தளர்வதைப் பலர் உணர்கிறார்கள்.

கழிப்பறையில் நடப்பதும் சிகிச்சையின் பகுதிதான். அழுக்கான வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரக் கூசி, பாதி குனிந்து அந்தரத்தில் நின்றபடி சிறுநீர் கழிக்கும் வழக்கம் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நிலையில் தொடையும் இடுப்புத் தளமும் இறுகியே இருக்கும். பை முழுதாகக் காலியாகாது. உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, முக்காமல் காத்திருக்க வேண்டும். குந்தும் கழிப்பறை என்றாலும் குதிகால் தரையில் படிய உட்கார்ந்தால் தசை தளரும். அப்படியானால் உட்காரத் தகுந்த சுத்தமும் குழாயில் தண்ணீரும் மருத்துவத் தேவைகளே.

வலியோடு உட்காரும் மனம்

பரிசோதனைகள் எல்லாம் சுத்தம் என்று வந்ததும், “எல்லாம் மனசுலதான் இருக்கு” என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறார்கள். இதைவிடக் கொடுமையான வாக்கியம் இல்லை. நாள்பட்ட வலியில் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திகளைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. பையில் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே வலியாக உணர்கிறோம். வலி வருமோ என்ற பயத்தில் தசை இறுகுகிறது. இறுகிய தசை வலிக்கிறது. வலி பயத்தைக் கூட்டுகிறது. வலி உண்மை. அதைப் பெருக்கும் சுழற்சியும் உண்மை. தியானம் கைவைப்பது அந்தச் சுழற்சியில்.

ஜான் கபாட்-சின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மருத்துவம் கைவிரித்த நாள்பட்ட வலி நோயாளிகளுக்காகவே எட்டு வாரத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் அடிப்படைகளில் ஒன்று, படுத்தபடி கால் விரலிலிருந்து தலை வரை கவனத்தை மெல்ல நகர்த்துவது. யோக நித்திரை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கவனம் அடிவயிற்றுக்கு வரும்போது, அங்கே இருப்பது எரிச்சலா, அழுத்தமா, துடிப்பா என்று பார்த்துவிட்டு, அதோடு சண்டை போடாமல், ‘இன்றைக்கு வேலைக்குப் போக முடியுமா’ என்ற கணக்குக்குள் இறங்காமல் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கலாம். உடல்ரீதியான வன்முறையைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த இடத்தில் கவனம் வைப்பதே பதற்றம் தரலாம். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, பாதம் தரையில் படுவதையோ மூச்சையோ மட்டும் கவனித்தால் போதும். கூடவே மனநல ஆலோசகரின் துணையும் வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயம். 2016-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சிறுநீர்ப் பை வலி உள்ள சுமார் 20 பெண்களில், வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் பெற்றவர்களில் தேறியவர்கள் அதிகம். 2017-ல் டெல்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட இடுப்புக்குழி வலியுள்ள 60 பெண்களில், எட்டு வாரம் ஆசனம், பிராணாயாமம், தளர்வுப் பயிற்சி செய்த பிரிவினருக்கு வலி குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. இவை சிறிய ஆய்வுகள். நோயை வேரோடு போக்கும் என்று எதுவும் வாக்குறுதி தரவில்லை. ஆனால், மாத்திரைகளின் நிலையும் அப்படியொன்றும் உறுதியானதல்ல. இந்த நோய்க்கென்று 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பென்டோசன் பாலிசல்பேட் மருந்தை நீண்டகாலம் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது 2018-ல் தெரியவந்தது. பக்கவிளைவு குறைந்த தளர்வுப் பயிற்சியையும் மன அழுத்தக் கட்டுப்பாட்டையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வதே விவேகம்.

பயிற்சி ஒரு சாக்காகிவிடக் கூடாது

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை யோகா தினத்தன்று தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்துக்கொண்டு, மறுநாள் கழிப்பறைக்குப் போனவரிடம் ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்கும் நிர்வாகம், தியானத்தைத் தன் குறையை மறைக்கப் பயன்படுத்துகிறது. தொழிலாளியின் வலிக்குத் தொழிலாளியின் மன அழுத்தத்தையே காரணம் காட்டித் தப்பிக்க யாரையும் விடக் கூடாது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவு, போதுமான கழிப்பறைகள் வசதியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. தொழிலாளர்கள் ஆலையில் இருக்கும் எல்லா நேரமும் அவற்றை அணுகும்படி இருக்க வேண்டும் என்றது. அதன் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2020-ம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் கழிப்பறை வசதியை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. ‘எல்லா நேரமும்’ என்பதற்கு, ரிலீவர் கிடைக்கும் நேரம் என்று பொருளில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி கழிப்பறைகளை எண்ணிவிட்டுப் போகிறார். ஒரு லைனில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை ரிலீவர், போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அவர் எண்ண வேண்டும்.

மற்ற நாடுகளும் இந்தப் பாதையைக் கடந்துதான் வந்தன. ஆலைகளில் கழிப்பறை இடைவேளை மறுக்கப்படுவது குறித்துச் சட்டப் பேராசிரியர் மார்க் லிண்டரும் சிறுநீரியல் சார்ந்த மகளிர் நல மருத்துவர் இங்க்ரிட் நைகார்டும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது, தேவைப்படும்போது தொழிலாளியைப் போகவிட வேண்டும் என்று 1998 ஏப்ரலில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு விளக்க ஆணை வெளியிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில், நீதிமன்ற வளாகக் கழிப்பறைகள் தொடர்பான வழக்கில், கழிப்பறை வசதி அரசமைப்புச் சட்டத்தின் 21-வது கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-ல் சட்டமாக்கிய மாநிலம் இது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவை, எதிர்ப்பைக் கண்டு மே நாளன்று திரும்பப் பெற்ற மாநிலமும் இதுதான். உட்காரும் உரிமையை ஏற்றவர்களுக்கு, எழுந்து போகும் உரிமையை ஏற்பதில் தயக்கம் இருக்க முடியாது.

யார், என்ன செய்ய வேண்டும்?

முதல் பொறுப்பு இஎஸ்ஐ-க்கு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடமிருந்து 0.75 சதவீதமும் நிறுவனத்திடமிருந்து 3.25 சதவீதமும் பெறும் தொழிலாளர் காப்பீட்டு அமைப்பு அது. கல்ச்சர் எடுக்காமல் இரண்டாவது முறை ஆன்டிபயாட்டிக் எழுதுவதில்லை என்ற ஒரே விதியை அதன் மருந்தகங்கள் கடைப்பிடித்தாலே பாதிப் பெண்களின் அலைச்சல் குறையும். கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல், மகளிர் நலம், இயன்முறை மருத்துவம், மனநலம் ஆகிய துறைகள் சேர்ந்து பார்க்கும் இடுப்புக்குழி வலிக்கான புறநோயாளிப் பிரிவை, வாரத்தில் ஒருநாளாவது நடத்த வேண்டும். தொழிலாளர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: தகுதியுள்ளவர் மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதத்தை இஎஸ்ஐ தருகிறது. வலியோடு லைனில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது, மாநில அரசு. அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் சேர்ந்தவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் கதி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் அது பணியிடங்களுக்கும் விரிவாகி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் “சிறுநீர் கழிக்கும்போதோ அடக்கும்போதோ வலி இருக்கிறதா? எத்தனை வாரமாக?” என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கத் தடையேதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டாரங்களின் இயன்முறை மருத்துவர்களுக்கு இடுப்புத் தளத் தளர்வுப் பயிற்சியில் தனிப் பயிற்சி தர வேண்டும். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் மாணவிகள் வல்லம் வடகால் குடியிருப்புக்கு வாரம் இருமுறை வந்து, ஷிப்ட் முடிந்த நேரத்தில் பெண்களுக்கு இந்த இருபது நிமிடத்தைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். கற்றுக்கொண்ட பெண்ணே தன் அறைத் தோழிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். தமிழில், தெலுங்கில், ஒடியாவில், இந்தியில் பேசும் இந்த விடுதிகளில் அதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

மூன்றாவது, நிறுவனங்கள். ஒவ்வொரு லைனுக்கும் நிரந்தர ரிலீவர். கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தை டார்கெட் கணக்கிலிருந்து விலக்குதல். யார் எத்தனை முறை போனார் என்று குறித்துவைக்கும் நோட்டையும் டோக்கனையும் ஒழித்தல். நீண்ட தூரக் கம்பெனி பஸ் ஓரிடத்தில் நின்று போதல். வலி உள்ளவர் மருத்துவச் சான்று கொடுத்தால், ஓயாமல் நிற்கும் வேலையிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுதல். இவை எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். ஒரு போர்டில் ஒரு சில்லு எங்கே உட்கார வேண்டும் என்பதை மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் திட்டமிடும் ஆலைக்கு, ஒரு மனித உடல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போகும் என்பதைத் திட்டமிடத் தெரியாது என்பதை நம்ப முடியாது.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சம்பளம், நிரந்தரம், சங்க அங்கீகாரம் ஆகியவற்றுக்காக இந்தப் பகுதி பல போராட்டங்களைப் பார்த்துவிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் கழிப்பறை நேரம் ஒரு கோரிக்கையாக இடம்பெற வேண்டும். அதைப் பேசப் பெண் பிரதிநிதிகள் அந்த மேசையில் உட்கார வேண்டும். ‘இதையெல்லாம் எப்படிச் சபையில் பேசுவது’ என்ற கூச்சத்தால் இழந்தது போதும்.

வலியில் இருக்கும் தொழிலாளிக்கு: இன்று இரவே ஐந்து நிமிட மூச்சைத் தொடங்குங்கள், கல்ச்சர் பரிசோதனை கேளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியலாம்; தெரியாவிட்டாலும் அது உங்கள் தவறல்ல, அடுத்த கட்டச் சிகிச்சைகள் இருக்கின்றன. அரசுக்கு: அடுத்த ஆலைக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை என்று எழுதும்போது, லைனுக்கு எத்தனை ரிலீவர் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். நிலமும் தண்ணீரும் மின்சாரமும் சலுகையாகக் கொடுக்கும் மாநிலத்துக்கு அதைக் கேட்கும் உரிமை முழுதாக இருக்கிறது.